மங்கியது வெளிச்சம் மட்டும்தான்... ‘ரேடியம் பெண்’ கிரேஸ் ஃப்ரையரின் கதை!

நூறு வருஷப் பழைய ரிஸ்ட் வாட்ச் ஒன்றை இருட்டு அறைக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு காலத்தில் பச்சையாக மின்னிய எண்களும் முட்களும் இப்போது ஒளிராது. பளிச்சென்று இருந்த பெயின்ட் பழுப்பேறிப் போயிருக்கும். அதில் இருந்த ரேடியம் தீர்ந்துவிட்டது என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால், அது தீரவில்லை. அங்கேயேதான் இருக்கிறது.

இந்த விஷயத்தைத் தன் உடம்பால் நிரூபிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டவர் கிரேஸ் ஃப்ரையர். அமெரிக்காவின் ‘ரேடியம் பெண்கள்’ வழக்கை முன்னின்று நடத்தியவர்.

வாட்ச் எப்படி ஒளிர்ந்தது?

அந்தப் பெயின்ட்டில் முக்கியமாக இரண்டு பொருட்கள். ஒன்று, மிக மிகக் கொஞ்சமாக ரேடியம். இன்னொன்று, துத்தநாக சல்ஃபைடு தூள். ரேடியத்திலிருந்து ஓயாமல் கதிர்வீச்சு கிளம்பும். அது தூளின் படிகங்கள் மீது மோதும்போது வெளிச்சம் வரும். அதாவது, ரேடியம் அடிக்கும், துத்தநாக சல்ஃபைடு மின்னும்.

ராத்திரி பகலாக அடி வாங்கினால் எந்தப் படிகம் தாங்கும்? சில வருடங்களிலேயே அவை சேதமாகி, வெளிச்சம் குறைய ஆரம்பித்துவிடும். சில பத்தாண்டுகளில் கிட்டத்தட்ட அணைந்தே போகும். ரேடியத்தின் கதையே வேறு. அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடங்கள் வேண்டும். நூறு வருடத்தில் 5 சதவீதம்கூடக் குறையாது.

18 வயதில் கிடைத்த வேலை

1899-ல் பிறந்த கிரேஸ், அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாணத்தைச் சேர்ந்தவர். 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. இருட்டில் நேரம் பார்க்க ராணுவ வீரர்களுக்கு ஒளிரும் வாட்ச்கள் தேவைப்பட்டன. ஆரஞ்சு நகரில் இருந்த ரேடியம் பெயின்ட் தொழிற்சாலையில் 18 வயது கிரேஸ் வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷன்’ என்று பெயர் மாறிய நிறுவனம் அது.

டயலில் உள்ள குட்டி எண்களுக்குப் பெயின்ட் அடிப்பதுதான் வேலை. எத்தனை டயல் முடிக்கிறார்களோ அத்தனைக்குக் கூலி. எண்கள் பொடிசு என்பதால் பிரஷ் முனை ஊசி மாதிரி இருக்க வேண்டும். அதற்கு உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லித் தந்தார்கள். உதட்டில் வை, பெயின்ட்டில் தொடு, டயலில் தீட்டு. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை இதேதான். ஒவ்வொரு முறையும் துளி ரேடியம் வாய்க்குள் போனது.

ஆபத்தில்லையா என்று கேட்டவர்களுக்கு, இல்லை என்றே பதில் வந்தது. அன்றைக்கு ரேடியம் என்றால் உடம்புக்கு நல்லது என்று நம்பிய காலம். அதைக் கலந்த டானிக்கூட விற்றார்கள். கிரேஸ் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை இருட்டில் ஒளிரும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள், அந்தப் பெயின்ட்டைக் கண்டுபிடித்த சபின் வான் சொசோக்கி அந்தப் பக்கம் வந்தார். பிரஷ்ஷை வாயில் வைக்காதே, உடம்புக்கு ஆகாது என்று கிரேஸிடம் சொல்லிவிட்டுப் போனார். கிரேஸ் மேற்பார்வையாளரிடம் கேட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. வேலை பழையபடியே தொடர்ந்தது.

எலும்புக்குள் புகுந்த ரேடியம்

1920-ல் வேலையை விட்டு, வங்கி ஒன்றில் சேர்ந்தார் கிரேஸ். நல்ல சம்பளம், நல்ல வாழ்க்கை. இரண்டு வருடத்தில் பற்கள் ஆட ஆரம்பித்தன. தாடையில் தீராத வலி. எக்ஸ்ரே எடுத்தால், எலும்பு அரித்துப்போயிருந்தது. பிறகு முதுகெலும்பும் பாதிக்கப்பட, நிமிர்ந்து உட்காரவே எஃகுப் பட்டை கட்ட வேண்டியதானது.

காரணம் இதுதான். வேதியியல்படி ரேடியம், கால்சியத்தின் நெருங்கிய உறவு. உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்துக்கொள்ளும். வாட்ச் டயலில் படிகங்களை உடைத்த அதே கதிர்வீச்சு, இங்கே எலும்பை உள்ளிருந்து உடைத்தது.

நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவர் கிரேஸைப் பரிசோதித்து, ஆரோக்கியமாக இருப்பதாகச் சொன்னார். அவர் மருத்துவரே இல்லை என்பதும், நிறுவனத்திடம் பணம் வாங்கியவர் என்பதும் பின்னர்தான் தெரிந்தது. ஆனால் 1925-ல், மாவட்ட மருத்துவ அதிகாரி ஹாரிசன் மார்ட்லண்ட், பெண்களின் உடம்புக்குள் ரேடியம் இருப்பதைச் சோதனைகளில் உறுதிசெய்தார்.

இரண்டு வருடக் கெடு

வழக்கு போடலாம் என்றால் வக்கீல் கிடைக்கவில்லை. தேடித் தேடியே இரண்டு வருடம் ஓடியது. கடைசியில் ரேமண்ட் பெர்ரி என்ற இளம் வக்கீல் முன்வந்தார். 1927 மே மாதம் கிரேஸ் வழக்குத் தொடர்ந்தார். இன்னும் நான்கு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் இருவர் அக்கா, தங்கை. அவர்களுடைய இன்னொரு சகோதரி மோலி மாகியா 1922-லேயே இறந்திருந்தார். பால்வினை நோய் என்று இறப்புச் சான்றிதழில் எழுதிவிட்டார்கள். 1927-ல் கல்லறையைத் தோண்டி உடலைச் சோதித்தபோது, எலும்புகளில் ரேடியம் இருந்தது.

நிறுவனத்தின் பெரிய ஆயுதம் காலக்கெடு. பாதிப்பு நடந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது அன்றைய நியூஜெர்சி சட்டம். கிரேஸ் வேலையை விட்டதே 1920-ல், அதனால் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். பெர்ரி எதிர்வாதம் வைத்தார். எலும்பில் உட்கார்ந்திருக்கும் ரேடியம் இன்றைக்கும் அவரைத் தாக்கிக்கொண்டே இருக்கிறது, பாதிப்பு முடியவே இல்லையே என்பதுதான் அந்த வாதம்.

1928 ஜனவரியில் விசாரணை தொடங்கியது. சத்தியப் பிரமாணத்துக்குக் கையைக்கூட உயர்த்த முடியாத நிலையில் சிலர் இருந்தார்கள். ஆனாலும் ஏப்ரலில் வழக்கு செப்டம்பருக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதுவரை இவர்கள் உயிரோடு இருப்பார்களா என்று பத்திரிகைகள் கொதித்தன. ஜூன் மாதம் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் 10,000 டாலர், வருடம் 600 டாலர், மருத்துவச் செலவு. தவறை மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் சொசோக்கியும் இறந்தார். அவர் உயிரைப் பறித்ததும் ரேடியம்தான். கிரேஸ் 1933 அக்டோபரில் காலமானார். வயது 34.

இன்றைய வாட்ச்களில்?

இந்தப் பெண்களின் உடல்நிலையிலிருந்து கிடைத்த தகவல்களை வைத்துத்தான், உடம்பில் எவ்வளவு ரேடியம் வரை தாங்கலாம் என்ற வரம்பை அமெரிக்கா 1941-ல் நிர்ணயித்தது. 1960-களில் வாட்ச்களில் ரேடியத்தின் இடத்தை ட்ரிடியம் பிடித்தது. அது சுமார் 12 வருடத்தில் பாதியாகிவிடும். அதனால் ட்ரிடியம் வாட்ச் மங்கினால், உள்ளே இருக்கும் கதிரியக்கமும் குறைந்துவிட்டது என்று அர்த்தம். 1990-களுக்குப் பிறகு வந்த பெயின்ட்களில் பெரும்பாலும் கதிரியக்கமே இல்லை. வெளிச்சத்தில் வைத்தால் சார்ஜ் ஆகி ஒளிரும், அவ்வளவுதான்.

வின்டேஜ் வாட்ச் சேகரிப்பவரா நீங்கள்? 1960-களுக்கு முந்தைய ஒளிரும் டயல் என்றால் நீங்களாகவே திறக்காதீர்கள், பெயின்ட்டைச் சுரண்டாதீர்கள். காய்ந்து உதிரும் அந்தத் தூள் மூச்சு வழியாகவோ வாய் வழியாகவோ உள்ளே போவதுதான் பெரிய ஆபத்து. சர்வீஸுக்குக் கொடுத்தால், ரேடியம் டயல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழுது பார்ப்பவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். கிரேஸுக்கு அதை யாரும் சரியாகச் சொல்லவில்லை.