கல்வெட்டறிஞர் வெங்கையா

ஆரணிக்கு அருகிலுள்ள வளையாத்தூரில் 1864ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் பிறந்தவர் வெங்கையா. பட்டு நெசவால் புகழ்பெற்ற இப்பகுதி, தமிழகக் கல்வெட்டியலுக்கு அளித்த அருங்கொடை அவர்.

1886இல் செருமானிய அறிஞர் ஹுல்ட்ஸ் அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்த்தப்பட்டார். அவருக்கு உதவியாளராக அமைந்த வெங்கையா, ஊர்தோறும் சென்று கோயிற்சுவர் எழுத்துகளைப் படியெடுக்கும் பணியில் தேர்ந்தார். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டுவர்; தாள் எழுத்தின் பள்ளங்களில் படியும். அதன்மேல் மை ஒற்ற, கரிய பரப்பில் வெண்ணிற எழுத்துகள் தோன்றும். இதுவே மைப்படி. கல் சிதைந்தாலும் அதன் சொல் இதனால் வாழும்.

1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் கண்ணமங்கலத்தை அடுத்த படைவீட்டின் கல்வெட்டுகளும் இடம்பெற்றன. அத்தொகுதியிலுள்ள விரிஞ்சிபுரக் கல்வெட்டு 1425ஆம் ஆண்டினை ஒட்டியது. பெண்ணுக்காகப் பொன் கொடுப்பதும் பெறுவதும் கூடாது என்று படைவீட்டு இராச்சியத்து அந்தணர் செய்துகொண்ட உடன்படிக்கையை அது கூறுகிறது. இம்மண்ணின் சமுதாய வரலாற்றுக்கு அக்கல்லே சான்று.

உத்தரமேரூரில் முதற்பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளை ஆராய்ந்து, 1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் விரிவாக விளக்கியவர் வெங்கையா. முப்பது குடும்புகளாகப் பிரிந்த ஊர், கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் வாரியப் பொறுப்புக்கு விலக்கிய செய்தியை உலகம் இதனால் அறிந்தது. 1908இல் அவர் இந்திய அரசின் தலைமைக் கல்வெட்டாய்வாளரானார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டிருந்தபோதே, 1912 நவம்பர் 21இல், நாற்பத்தெட்டாம் அகவையில் மறைந்தார். அவர் பதிப்பித்த பகுதி மறு ஆண்டே அச்சேறியது.

திருமழபாடிக் கோயிலைப் புதுப்பிக்க ஆணையிட்ட முதலாம் இராசராசன், பழைய விமானத்தைப் பிரிக்குமுன் அதன் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் செய்தான். இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. வெங்கையா மேற்கொண்டது அந்த மரபின் தொடர்ச்சியே. திருப்பணி என்னும் பெயரால் எழுத்துக்கற்கள் இடம்மாறியும் சுண்ணத்தில் மறைந்தும் போவதுண்டு. ஒரு கல்லை நகர்த்துமுன் அதனைப் படியெடுத்து வைத்தல், கோயிலைப் புதுப்பிப்போர் அவருக்குச் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.