இசையில் ஒளி கண்ட மன்னர்

நாடாளும் மன்னருக்குக் கண்பார்வை இன்றியமையாததா? 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நாட்டில் இந்தக் கேள்வி எழுந்தது. அதற்குக் காரணமானவர் ஐந்தாம் ஜார்ஜ். பின்னாளில் இங்கிலாந்தை ஆண்ட ஐந்தாம் ஜார்ஜ் வேறு, இவர் வேறு.

இவர் 1819-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் பெர்லின் நகரில் பிறந்தார். விக்டோரியா மகாராணியார் இவருடைய பெரியப்பாவின் மகள். இவரைவிட மூன்றே நாள் மூத்தவர். சிறுவயதில் நோயினால் ஒரு கண் பார்வையிழந்தது. பின்பு ஒரு விபத்தில் மறு கண்ணும் ஒளியிழந்தது. நம் வயதை எட்டுமுன்பே இளவரசரின் உலகம் இருண்டுவிட்டது.

1837-இல் தந்தை எர்னஸ்ட் அகஸ்டஸ் ஹானோவரின் மன்னரானார். பார்வையற்ற இளவரசர் அரசாள முடியுமா என்று பலர் ஐயுற்றனர். தந்தையோ தம் மகனே அடுத்த மன்னர் என்பதில் உறுதியாக நின்றார்.

இளவரசருக்கு உற்ற துணையாய் அமைந்தது இசை. பியானோ வாசித்தார், பாடல்களுக்கு இசையமைத்தார். 1839-இல், தமது இருபதாம் வயதில், இசையின் இயல்புகளைப் பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார்.

1851-இல் அவர் அரியணை ஏறினார். ஹானோவர் இசையில் சிறந்து விளங்கியது. புகழ்பெற்ற வயலின் மேதை ஜோசப் யோவாகிம் 1853-இல் அரசவை இசைக்குழுவில் சேர்ந்தார். இளம் பிராம்ஸ் தமது முதல் பியானோ கான்செர்ட்டோவை 1859-இல் முதன்முதலாக அரங்கேற்றியதும் இந்நகரில்தான்.

ஆயினும் மன்னரிடம் குறையும் இருந்தது. இசையின் நுட்பங்களைக் கேட்டறிந்த அந்தச் செவிகள், மக்கள் பிரதிநிதிகளின் குரலுக்கு இணங்கவில்லை. 1855-இல் மக்களுக்கு உரிமைகள் அளித்திருந்த அரசியல் சட்டத்தை அவர் மாற்றினார். 1866-இல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர் மூண்டபோது, பிரஷ்யாவின் நிபந்தனைகளை ஏற்க மறுத்தார். ஜூன் 27-இல் லாங்கன்சால்சாவில் அவரது படை வென்றது. ஆனால் இரண்டே நாளில் சரணடைய நேர்ந்தது. நாடு பிரஷ்யாவோடு இணைக்கப்பட்டது.

ஆஸ்திரியாவில் அடைக்கலம் புகுந்த மன்னர், தம் உரிமையை இறுதிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 1878-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் பாரிஸ் நகரில் காலமானார். இங்கிலாந்தின் வின்சர் கோட்டையிலுள்ள புனித ஜார்ஜ் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் நாட்டை இழந்ததற்குக் கண்பார்வையின்மை காரணமன்று. பார்வையுள்ள மன்னர்களும் இவ்வாறு பிடிவாதத்தால் நாடிழந்ததுண்டு. உடற்குறை உடையோரை இரக்கத்தோடு மட்டும் நோக்காமல், அவர்தம் திறமையை மதிக்க நாம் கற்றுக்கொள்வோம். இனிய இசையைக் கேட்பதுபோலவே, பிறர் சொல்லையும் பொறுமையோடு கேட்போமாக!