கோப்பர்நிகஸின் நாணயம்

போலந்தின் டொருன் நகரை நான் அடைந்தபோது மாலை ஆகியிருந்தது. விஸ்துலா ஆறு அகன்று ஓட, கரையோர மரங்களுக்கு அப்பால் பழைய செங்கல் மதில் சிவந்து நின்றது. உலகப் பாரம்பரியச் சின்னமான இந்நகருக்குப் பலரும் வருவது நிக்கோலஸ் கோப்பர்நிகஸ் பிறந்த ஊர் என்பதற்காக. நானும் அவருக்காகவே சென்றேன், வானியலுக்காக அல்ல.

1473-இல் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், பத்து வயதளவில் தந்தையை இழந்தார். தாய்மாமன் படிக்க வைத்தார். கிராக்கோவில் தொடங்கிய கல்வி, இத்தாலியில் சட்டம், மருத்துவம் என விரிந்தது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்னும் அவரது நூல், அவர் மறைந்த 1543-இல்தான் வெளிவந்தது. இவை பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை.

வார்மியா பேராலய நிலங்களின் நிர்வாகியாகவும் அவர் இருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கைவிடப்பட்ட வயல்களில் உழவர்களைக் குடியமர்த்தி, கணக்கைத் தம் கைப்பட எழுதினார். அந்நாளில் பிரஷ்ய நாணயங்களில் வெள்ளி குறைந்து செம்பு கூடிக்கொண்டே வந்தது. பொற்கொல்லர்கள் நல்ல நாணயங்களைப் பொறுக்கி உருக்கினர்; சந்தையில் மட்டமானவையே எஞ்சின. இதை ஆராய்ந்து 1517-இல் எழுதத் தொடங்கிய அவர், 1522-இல் பிரஷ்ய மன்றத்தின் முன் தம் கருத்துகளை வைத்தார். நாணயம் அளவுக்கு மிஞ்சினாலும் மதிப்பிழக்கும் என்றார். பழையவற்றைத் திரும்பப் பெற வேண்டும், அச்சுச்சாலைகளைக் குறைக்க வேண்டும் என்றார்.

கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டும் என்பதை கிரெஷாம் விதி என்றே வகுப்பறையில் பல்லாண்டுகள் கற்பித்தேன். கோப்பர்நிகஸ் எழுதத் தொடங்கியபோது தாமஸ் கிரெஷாம் பிறக்கவே இல்லை! இந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு. நாணயம் என்ற ஒரே சொல்லால் காசையும் நேர்மையையும் குறிக்கும் மொழியில் பாடம் நடத்தியவன் நான்.

அச்சுரிமையால் வருவாய் கண்ட நகரங்கள் அவர் யோசனையை விரும்பவில்லை. அவ்வுரிமை பெற்றிருந்த நகரங்களுள் டொருனும் ஒன்று.

நகர மன்றத்தின் முன்னுள்ள சிலையில் அவர் கையில் வானியல் கருவி இருக்கிறது. அருகே பழம்பொருள் கடையொன்றில் அவர் உருவம் பொறித்த 1000 ஸ்லோட்டி தாள் வாங்கினேன். பணவீக்கத்துக்குப் பின், 1995-இல் 10,000 பழைய ஸ்லோட்டிக்கு ஒரு புதிய ஸ்லோட்டி என மாற்றினார்கள். அந்தக் கணக்கில் என் கையிலிருந்த கோப்பர்நிகஸின் மதிப்பு ஒரு ஸ்லோட்டியில் பத்தில் ஒரு பங்கு.