ருடால்ப் விர்கோ

வைத்திய சாஸ்திரத்தில் வழிகாட்டிய பெரியோருள் ருடால்ப் விர்கோ ஒருவர். அவர் 1821-ஆம் வருஷம் அக்டோபர் 13-ஆம் தேதி பிரஷ்யாவின் பொமரேனியா மாகாணத்து ஷீபெல்பைன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். 1843-இல் பெர்லினில் வைத்தியப் பட்டம் பெற்று, ஷாரிட்டே ஆஸ்பத்திரியில் மரித்தோர் உடல்களைச் சோதித்து நோயின் காரணத்தை ஆராயும் தொழிலில் அமர்ந்தார்.

1845-இல் ஒரு நோயாளியின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகியிருக்கக் கண்டார். அது சீழ் அன்று, தனி நோயே என்று துணிந்து, 1847-இல் அதற்கு லுகீமியா எனப் பெயரிட்டார். நுரையீரற் குழாயை அடைக்கும் இரத்தக் கட்டி அங்கேயே உண்டாவதென அக்காலத்தார் பலர் எண்ணினர். விர்கோ நாய்களின் சிரைகளில் ரப்பர்த் துண்டுகளைச் செலுத்தி, அவை நுரையீரலிற் போய்த் தங்குவதைக் காட்டினார். கால்களின் சிரைகளில் உறைந்த கட்டியே பெயர்ந்து, இருதயத்தின் வழியே சென்று நுரையீரலை அடைக்கக்கூடுமென இவ்வாறு விளங்கிற்று.

1848-இல் மேற்சைலீசியாவில் டைபஸ் கொள்ளைநோய் பரவியபோது, அரசாங்கம் அவரை அங்கு அனுப்பிற்று. வறுமையும் கல்வியின்மையும் சுதந்தரமின்மையுமே அந்நோய்க்கு இடங்கொடுத்தன என்று அவர் அஞ்சாது எழுதினார்; அவ்வருஷத்துக் கிளர்ச்சியிலும் சேர்ந்தார். அதனால் அரசாங்கத்தின் வெறுப்புக்கு ஆளாகி, 1849-இல் பெர்லினை விட்டு வூர்ட்ஸ்பர்க் சென்றார். 1856-இல் பெர்லின் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது.

பழைய கட்டியின் நடுவே காணும் சீழ் போன்ற பொருள் பெரும்பாலும் சீழ் அன்று, கட்டி இளகுவதால் உண்டாவதே என்றும் அவர் போதித்தார். வெள்ளை அணுக்களையும் இரத்தக் கட்டியையும் பிணைக்கும் நுண்ணிய தொடர்போ வெகுகாலத்துக்குப் பின்னரே தெளிவாயிற்று. நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்களில் எலாஸ்டேஸ், காதெப்சின் ஜி என்னும் நொதிகள் உள்ளன. அவ்வணுக்கள் தம் மரபுப்பொருளை வலைபோல் வெளியே வீசுகின்றன என்பது 2004-இல் வெளியாயிற்று. அவ்வலையிற் படிந்த இந்நொதிகள், உறைதலை இயல்பாய் அடக்கிவைக்கும் ஒரு புரதத்தைச் சிதைத்துக் கட்டி வளர இடந்தருகின்றன என்பதை, 2010-இல் சுண்டெலிகளைக் கொண்டு செய்த சோதனைகள் காட்டின. அதே நொதிகள் கட்டியின் நாராகிய பைப்ரினை அறுக்கவும் வல்லவை. கட்டுவதும் கரைப்பதும் ஒரே கையின் தொழிலாதல் வியப்பன்றோ!

ஓடும் டிராம் வண்டியினின்று குதித்துத் தொடையெலும்பு முறிந்த விர்கோ, பின் தேறாமல் 1902-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி காலமானார். இரத்தத்தை ஆராய்ந்த கண்ணாலேயே ஏழைகளின் குடிசையையும் நோக்கிய அவரை, உருப்பெருக்கியின் முன் அமருந்தோறும் நாம் நினைத்தல் தகும்.