18 டாலருக்குப் போன பிழியுற மெஷின்

மலருக்கு ஒரு பெரிய மனுஷியோட வாழ்க்கையை எழுதித் தாங்கன்னு தலைவி அக்கா கேட்டாங்க. வேலு நாச்சியார், ஜான்சி ராணி எல்லாரையும் மத்த குழுக்காரங்க முந்திக்கிட்டாங்க. நான் பதினோரு வருஷம் நாலு வீட்டுத் துணி துவைச்சவ. அதனால துணி பிழியுற மெஷின் ஒண்ணைக் கண்டுபிடிச்ச அம்மாவைப் பத்தி எழுதறேன். என் மகள்தான் படிச்சுச் சொன்னா.

அவங்க பேரு எலன் எக்ளின். அமெரிக்காவின் தலைநகரம் வாஷிங்டன்ல இருந்தவங்க. கறுப்பினத்துப் பெண். வீட்டு வேலை பார்த்துப் பிழைச்சவங்க. வாஷிங்டன் நகரத்துல 1862-ல்தான் அடிமை முறையை ஒழிச்சாங்க. 1865-ல நாடு முழுக்க ஒழிஞ்சுது. விடுதலை கிடைச்சாலும் கறுப்பினப் பெண்களுக்குக் கிடைச்ச வேலை என்னமோ சமையல், பிள்ளை பார்க்கிறது, துணி துவைக்கிறது, இவ்வளவுதான்.

துவைக்கிற வேலையில எது கஷ்டம்னு நம்மளைக் கேட்டாச் சொல்லுவோம். சோப்புப் போடறது இல்ல, பிழியறதுதான். பெட்ஷீட், போர்வை எல்லாம் தண்ணி குடிச்சிருச்சுன்னா கல்லு மாதிரி கனக்கும். ஒரு முனையைக் குழாயில சுத்திக்கிட்டு மறுமுனையை முறுக்குவோம். ராத்திரி மணிக்கட்டு விண்விண்ணு தெறிக்கும். அந்த ஊருல இன்னும் மோசம். தண்ணியைச் சுமந்து வந்து, அடுப்புல காய்ச்சி, மரத்தொட்டியில ஊத்தித் துவைக்கணும். குளிர்காலத்துல நல்லாப் பிழியாத துணி கொடியிலேயே பனியில விறைச்சுப் போயிடும்.

அதுக்காக வந்ததுதான் கையால சுத்துற பிழியுற மெஷின். நம்ம ஊரு கரும்புச்சாறு மெஷினை நினைச்சுக்கோங்க. ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு உருளை, பக்கத்துல ஒரு கைப்பிடி. தொட்டி விளிம்புல திருகாணி போட்டு இறுக்கி மாட்டிடுவாங்க. ஈரத்துணியோட முனையை ரெண்டு உருளைக்கும் நடுவுல குடுத்துக் கைப்பிடியைச் சுத்தினா, துணி அந்தப் பக்கம் தட்டையா வெளியே வரும், தண்ணி தொட்டியிலேயே விழும். சோப்புத் தண்ணியும் வீணாகாது. பட்டன் இருந்தா உள்பக்கமா மடிச்சுக் குடுக்கணும், இல்லேன்னா நொறுங்கிடும். விரலையும் பார்த்துக்கணும். பின்னாடி கரண்ட் மெஷின் வந்தப்போகூட, ரொம்ப வருஷத்துக்கு அது தலையில இந்த உருளையைத்தான் பொருத்தி வச்சிருந்தாங்க.

பிழியுற உருளை எலன் அம்மாவுக்கு முந்தியும் இருந்துச்சு. அவங்க யோசிச்சது அதுல ஒரு புது வகை. துவைச்சுத் துவைச்சுக் கை சொன்ன யோசனைன்னுதான் எனக்குத் தோணுது. புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சா அங்க பேடண்ட் எடுக்கணும். அதாவது இது என்னோடதுன்னு அரசாங்கத்துல பதிஞ்சு வாங்குற காப்புரிமை. அந்தக் காலத்துல 17 வருஷத்துக்குச் செல்லும். அதுவரைக்கும் உங்க அனுமதி இல்லாம வேற யாரும் அதைச் செஞ்சு விக்க முடியாது.

எலன் அம்மா அதை எடுக்கல. 1888-ல ஒரு ஏஜெண்டுகிட்ட மொத்த உரிமையையும் 18 டாலருக்கு வித்துட்டாங்க. வாங்கினவங்களுக்கு அந்த மெஷின் நல்லாப் பணம் சம்பாதிச்சுக் குடுத்துச்சு. இவங்களுக்கு அந்த 18 டாலரோட கணக்கு முடிஞ்சுது. அந்தக் காலத்துல அட்லாண்டா நகரத்துல துணி துவைக்கிற பெண் மாசத்துக்கு 4 டாலர்ல இருந்து 8 டாலர் வரைக்கும் சம்பாதிச்சா. அப்படிப் பார்த்தா அந்தப் பதினெட்டு ரெண்டேகால் மாசத்துக் கூலியில இருந்து நாலரை மாசத்துக் கூலி வரைக்கும் வருது.

ஏன் வித்தீங்கன்னு கேட்டவங்ககிட்ட எலன் அம்மா மறைக்காம காரணம் சொன்னாங்க. ஒரு கறுப்பினப் பெண் கண்டுபிடிச்சதுன்னு தெரிஞ்சா வெள்ளைக்கார அம்மாக்கள் இந்த மெஷினை வாங்க மாட்டாங்க, அந்தப் பயத்துலதான் வித்தேன், வேற காரணம் இல்லைன்னாங்க. இதைக் கேட்டதும் முதல்ல எனக்குக் கோவம்தான் வந்துச்சு, இவ்வளவு அறிவுள்ளவங்க இப்படி ஏமாறலாமான்னு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். எங்க குழு ஆரம்பத்துல சோப்புப் பவுடர் போட்டப்போ, ஒரு கடைக்காரர் சரக்கு நல்லா இருக்கு, ஆனா உங்க பேரு போட்ட கவர் வேண்டாம்னார். நாங்களும் சரின்னு வெறும் கவர்ல கட்டிக் குடுத்தோமே. ஒரு வருஷம் குடுத்தோம். எலன் அம்மாவைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல.

அதே வாஷிங்டன்ல ஜூடி ரீட்னு இன்னொரு கறுப்பினப் பெண் இருந்தாங்க. அவங்க கண்டுபிடிச்சதும் கைப்பிடி சுத்துற சாமான்தான், மாவு பிசையறதுக்கு. 1884-ல தன் பேருலேயே பேடண்ட் வாங்கிட்டாங்க. ஆனா கையெழுத்துப் போட்ட இடத்துல ஒரு பெருக்கல் குறிதான் இருக்கு. நம்ம பழைய தீர்மான நோட்டுல பாதிப் பக்கம் கைநாட்டா இருக்கிறது எனக்கு ஞாபகம் வந்துச்சு.

அட்லாண்டா பத்திச் சொன்னேன் இல்லையா, அந்தக் கதையையும் சொல்லிடறேன். 1881 ஜூலையில அங்க இருபது துவைக்கிற பெண்கள் ஒண்ணு கூடிச் சங்கம் ஆரம்பிச்சாங்க. ஆமா, இருபது பேர், நம்ம ஒரு குழு அளவு. மூணே வாரத்துல மூவாயிரம் பேர் ஆயிட்டாங்க. ஆளுக்கொரு ரேட்டு கூடாது, பன்னிரண்டு பவுண்டு துணிக்கு ஒரு டாலர்னு ஒரே கூலி வேணும்னு வேலையை நிறுத்தினாங்க. துவைக்கிறவங்க 25 டாலர் லைசென்ஸ் கட்டணும்னு நகரசபை மிரட்டிப் பார்த்துச்சு. கட்டறோம், ஆனா கூலியை நாங்கதான் முடிவு பண்ணுவோம்னு மேயருக்கே கடிதம் எழுதிட்டாங்க. எலன் அம்மா பக்கத்துல இப்படி ஒரு சங்கம் இருந்திருந்தா அந்த ஏஜெண்டு 18 டாலரோட வந்திருப்பானான்னு நினைச்சுக்குவேன்.

எலன் அம்மா விஷயம் வெளியே வந்ததே ஒரு பெண்ணாலதான். சார்லட் ஸ்மித்னு ஒரு அம்மா, பெண்கள் கண்டுபிடிச்சதை எல்லாம் தனிப் பட்டியல் போடச் சொல்லி அரசாங்கத்தை விடாம நச்சரிச்சவங்க. 1888-ல பட்டியல் வந்துச்சு. உரிமையை வித்தவங்க பேரு அதுல எப்படி வரும்? அப்புறம் சார்லட் அம்மா பெண் கண்டுபிடிப்பாளர்களுக்குன்னே ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாங்க. வந்தது ரெண்டே இதழ்தான். முதல் இதழ்ல எலன் அம்மாவோட விஷயம் அச்சுல வந்துச்சு. அந்த அம்மா அப்போ மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆபீஸ்ல வேலைக்கு இருந்தாங்க.

அந்தப் பத்திரிகைக்கு இன்னொரு சேதியும் சொல்லியிருந்தாங்க. ரெண்டாவதா ஒரு கண்டுபிடிப்பு கையில இருக்கு. இந்தத் தடவை செலவுக்குக் காசு இருக்கு. தன் பேருல பேடண்ட் வாங்கப்போறேன், இது ஒரு கறுப்பினப் பெண் கண்டுபிடிச்சதுன்னு எல்லாருக்கும் தெரியணும்னாங்க. நிறம் பார்க்காம எல்லாப் பெண்களையும் கூப்பிட்டிருந்த பெண் கண்டுபிடிப்பாளர் மாநாட்டுல அதோட மாதிரியைக் கொண்டுபோய் வைக்கணும்னு காத்துக்கிட்டு இருந்தாங்க.