முகாமுக்கு வராதவர்களும் அருட்சகோதரி மேரி குளோரியும்

பங்கில் இலவச மருத்துவ முகாம் முடிந்ததும் நாம் எழுதும் அறிக்கை ஒரே மாதிரி இருக்கும். இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேருக்குக் கண்ணாடி கொடுத்தோம் என்று. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஞாயிறும் ஷிப்டுக்குப் போகும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களும், திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளையிலேயே குடியிருக்கும் இருளர் குடும்பங்களும் அந்தக் கணக்கில் இல்லை. அடுத்த ஆண்டு இலக்கு என்று நாம் எழுதுவதோ இன்னும் நூறு பேர்!

இங்கே நம் நினைவுக்கு வருபவர் மேரி குளோரி. 1887-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். 1910-இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1915-இல், ராவல்பிண்டியில் பெண்களுக்கென மருத்துவமனை தொடங்கிய மருத்துவர் ஆக்னஸ் மக்லாரனைப் பற்றிய சிறு நூல் அவர் கைக்கு வந்தது. ஆண் மருத்துவரிடம் காட்ட முடியாமல் இந்தியத் தாய்மார்கள் படும் துன்பத்தை அறிந்து, தம் அழைத்தல் எதுவெனத் தெளிந்தார். மகப்பேறு, மகளிர் மருத்துவம், கண் மருத்துவம் ஆகியவற்றில் மேற்படிப்பை முடித்து, 1920-இல் குண்டூர் வந்தார். அன்று அதுவும் நம் சென்னை மாகாணம்தான். அங்கே இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார்.

துறவியர் மருத்துவம் பார்க்கத் திருச்சபைச் சட்டம் அன்று தடையாக இருந்தது. திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்டின் தனி அனுமதியோடுதான் அவர் பணி செய்தார். பொதுவான அனுமதி 1936-இல்தான் வந்தது.

குண்டூரில் புனித சூசையப்பர் மருத்துவமனை வளர்ந்தது. ஆனாலும் நம்மைத் தொடுவது வேறொன்று. உள்ளூர்ப் பெண்களையே மருந்து கொடுக்கவும் பிரசவம் பார்க்கவும் பயிற்றுவித்தார். வெளியே வர முடியாத பெண்ணிடம் அவள் ஊர்ப் பெண்ணால் போக முடியும் அல்லவா? நாட்டு மூலிகைகளையும் அவர் ஒதுக்கவில்லை.

1943-இல் சில சகோதரிகளோடு சேர்ந்து கத்தோலிக்க மருத்துவமனைகளின் அகில இந்திய அமைப்பைத் தொடங்கினார். கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்பது அவரது கனவு. 1957-இல் பெங்களூரில் இறந்தார். அதே நகரில் புனித யோவான் மருத்துவக் கல்லூரி 1963-இல் திறக்கப்பட்டது. 2013-இல் அவர் இறையடியாராக அறிவிக்கப்பட்டார்.

அடுத்த முகாமுக்கு நாள் குறிக்கும் முன் நம் அன்பியங்கள் சூளைகளுக்குப் போய் வரட்டும். எத்தனை கர்ப்பிணிகள், யாருக்கு எந்த மாதம், இரவில் வலி எடுத்தால் உடன் போவது யார் என்று கேட்டு வரட்டும். சூளையிலேயே விவரம் தெரிந்த ஒரு பெண் இருப்பாள். அவள் பெயரை முதலில் எழுதிக்கொள்வோம்.