சாம் லாய்டு

சாம் லாய்டு (சனவரி 30, 1841 – ஏப்ரல் 10, 1911) அமெரிக்கப் புதிர் வல்லுநரும் சதுரங்கப் புதிர் அமைப்பாளரும் ஆவார். இவர் பிலடெல்பியாவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தார்.

1 முதல் 15 வரை எண்ணிட்ட கட்டைகளை, ஒரு காலியிடத்தின் வழியே நகர்த்தி வரிசைப்படுத்தும் 15-புதிரைத் தாமே உருவாக்கியதாக 1891 முதல் இறக்கும்வரை கூறிவந்தார். உண்மையில் அதனை 1870களில் உருவாக்கியவர் நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா ஊர் அஞ்சல் அதிபர் நோயசு சாப்மன் ஆவார்.

14, 15 மட்டும் இடம் மாறியுள்ள அமைப்பைச் சரிசெய்வோருக்கு லாய்டு 1000 டாலர் பரிசு அறிவித்தார். அது இயலாதென 1879 இலேயே கணிதமுறையில் நிறுவப்பட்டிருந்தது. காலியிடம் பழைய மூலைக்குத் திரும்ப இரட்டைப்படை நகர்த்தல்கள் தேவை. இரு கட்டைகளை மட்டும் இடம்மாற்றவோ ஒற்றைப்படை நகர்த்தல்கள் வேண்டும்.

1984 இல் வெளிவந்த மாக்கின்டாசு கணினியில் இப்புதிர் சிறு விளையாட்டாக இடம்பெற்றது.